சட்டை போடாத திருடன்

என் மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது என் மனைவி. இளையது ஒரு சாத்துக்குடி மரம்.

தமாஷ் இல்லை சார். 1989-ல் என் மனைவி பிறந்த பதினோராம் நாள், தீட்டுக் கழித்த கையோடு ஒரு ஒட்டுக் கன்றை வாங்கி வந்து கிணற்று மேட்டில் நட்டார் மனிதர். அன்றிலிருந்து இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார். எதைக் குறை சொன்னாலும் அவருக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். மரத்தை நான் குறை சொன்னதே கிடையாது. இன்னொன்றைச் சொல்வதுண்டு. அவரும் இல்லாத, அவளும் இல்லாத இடமாகப் பார்த்து!

அந்த மரத்துக்கு வியாதி என்று அவரிடம் சொல்லவேண்டிய பொறுப்பு 2023-ல் என் தலையில் வந்து விழுந்தது. எப்பேர்ப்பட்ட மரம்! இலையில் ஒரு மஞ்சள் புள்ளி இல்லை. கிளை ஒடிகிற மாதிரிக் காய்ப்பு. அந்த வழியாகப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்கள். அதைக் காட்டி 'நோயாளி' என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

நான் படித்தது பி.காம். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருஷம் டிக் அடித்துவிட்டு, இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிக் காலட்சேபம் நடத்துகிறவன். தாவரவியலில் என் ஞானம் கறிவேப்பிலைக்கும் கொத்துமல்லிக்கும் வித்தியாசம் தெரிகிற அளவு. வெந்தயக் கீரை விஷயத்தில் ஒருமுறை ஏமாந்தும் இருக்கிறேன். இப்படிப்பட்டவனுக்கு 'வைராய்டு' என்ற வார்த்தை தெரிந்த கதை இது. தைராய்டு இல்லை சார், வைராய்டு. நானும் முதலில் தப்பாகத்தான் காதில் வாங்கினேன்.

* * *

திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். மாமனாருக்கு ரெண்டு ஏக்கர் தோட்டம். 2015-ல் ஒரு யோசனை வந்தது அவருக்கு. 'கிணற்று மேட்டு மரம் இந்தப் போடு போடுகிறதே, இதிலிருந்தே குச்சி எடுத்துக் கன்று கட்டினால் என்ன?'

சாத்துக்குடியை விதை போட்டு வளர்ப்பதைவிட மொட்டு ஒட்டுவதுதான் வழக்கம். வேருக்கு ஒரு எலுமிச்சை ஜாதி. அதன் தண்டில் கத்தியால் கீறி, தாய் மரத்துக் குச்சியிலிருந்து சீவி எடுத்த ஒற்றை மொட்டைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் கட்டிவிடுவார்கள். மொட்டு பிடித்துக்கொண்டால், மேலே சாத்துக்குடி, கீழே எலுமிச்சை. மாப்பிள்ளை ஒரு ஊர், பெண் ஒரு ஊர், குடித்தனம் ஒன்று என்கிற ஏற்பாடுதான்.

ஒட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து, ரங்கபூர் எலுமிச்சைச் செடிகளில் முந்நூறு கன்று கட்டினார் மாமனார். 2016-ல் நூற்றி எண்பதைத் தன் தோட்டத்தில் நட்டார். மீதி நூற்றி இருபதை ஊரில் ஏழு வீட்டுக்குக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "நம்ம மரத்துப் பிள்ளைங்க, நாலு தோட்டத்துல நிக்கட்டுமே" என்றார். அந்த வருஷம் முழுக்க அவர் நடையே வேறு மாதிரி இருந்தது. பெண்ணைக் கட்டிக் கொடுத்தபோதுகூட அந்த நடை இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

நாலு வருஷம் எல்லாம் சௌக்கியம். 2021 வாக்கில் கன்றுகள் வளர்வதை நிறுத்திக்கொண்டன. ஆள் உயரத்தில் அப்படியே நின்றன. பள்ளிக்கூட வரிசை மாதிரி எல்லாம் ஒரே குட்டை. ஒட்டுக் கட்டின இடத்துக்குக் கீழே, தூரில், பட்டை நெடுக வெடித்துச் செதில் செதிலாக உரிந்தது.

ஊரில் வைத்தியர்களுக்கா பஞ்சம்?

"துத்தநாகச் சத்துக் குறைவு" என்றார் உரக்கடைக்காரர். ஒரு மூட்டை நுண்ணூட்டம் வந்தது. "தூர் அழுகல்" என்றார் இன்னொருவர். போர்டோ பசையை வாளி வாளியாகக் குழைத்துப் பூசினார்கள். மரங்கள் எல்லாம் நீல வேட்டி கட்டிக்கொண்ட மாதிரி நின்றன. "போர் தண்ணியில் உப்பு" என்றார் மூன்றாமவர். தண்ணீர் பரிசோதனைக்குப் போனது. "கண்ணு பட்டிருச்சு" என்றார் என் மாமியார். பூசணிக்காய் உடைந்தது.

ரெண்டு வருஷத்துச் செலவை நான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 64,000 ரூபாய், பூசணிக்காய் நீங்கலாக. பட்டை மட்டும் உரிந்துகொண்டே இருந்தது.

* * *

2023 பங்குனித் திருவிழாவுக்கு என் மனைவியின் சித்தி பையன் வந்திருந்தான். விவசாயக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. ஆட்டுக்கறிக் குழம்புக்கும் மதியத் தூக்கத்துக்கும் நடுவில், சும்மா காலாற என்னோடும் மாமனாரோடும் தோட்டத்துக்கு வந்தான். ஒரு மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

"பெரியப்பா, இந்தப் பட்டை ஒட்டுக்குக் கீழதான் உரியுது. மேல சுத்தமா இருக்கு பாருங்க."

"ஆமாப்பா."

"பிசின் வடிஞ்சுதா?"

"அப்படி ஒண்ணும் இல்லை."

"அந்த மூலையில நாலு மரம் மட்டும் நல்லா ஒசந்து நிக்குதே, அது?"

"அது பத்தாம கெடந்த நாலு குழிக்கு வெளியில வாங்கி வச்சது."

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான். "மத்ததுக்கெல்லாம் குச்சி எங்க எடுத்தீங்க?"

மாமனார் பெருமையோடு கிணற்று மேட்டைக் காட்டினார்.

ஆடிட்டர் ஆபீஸில் எங்கள் சீனியர் ஒருவர் சொல்வார்: "எல்லா கிளையிலும் ஒரே தப்பு வந்தா, கிளையில தேடாதே. ஹெட் ஆபீஸ் போ." அந்த வெயிலில், அந்த நிமிஷத்தில், எனக்கு அது ஞாபகம் வந்தது. வயிற்றுக்குள் ஏதோ கரைந்தது. ஆட்டுக்கறி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"இது எக்ஸோகார்ட்டிஸா இருக்கலாம் அத்தான்" என்று என் காதில் மட்டும் சொன்னான் பையன்.

* * *

வைரஸ் எல்லாருக்கும் தெரியும். 2020-ல் நம் எல்லாரையும் வீட்டுக்குள் பூட்டி வைத்ததே, அந்த ஜாதி. கொரோனா வைரஸ் என்பது ஏறக்குறைய 30,000 எழுத்துள்ள ஒரு ஆர்.என்.ஏ. கடிதம், அதைச் சுற்றி ஒரு புரோட்டீன் உறை. உறை இருந்தால்தான் கடிதம் ஊர் போய்ச் சேரும் என்றுதான் விஞ்ஞானிகளும் வெகுகாலம் நினைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்து பெல்ட்ஸ்வில்லில் அரசு விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்கே தியோடர் டீனர் என்ற தாவர நோய் நிபுணர், உருளைக்கிழங்கைக் கதிர் மாதிரி நீளச் செய்துவிடும் ஒரு வியாதியின் 'வைரஸை'த் தேடினார். தேடத் தேட அது சின்னதாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் உறையே இல்லை. வெறும் கடிதம்! அதுவும் துண்டுச் சீட்டு. 1971-ல் அதற்கு 'வைராய்டு' என்று பெயர் வைத்தார். 1978-ல் அதை முழுசாகப் படித்தபோது, மொத்தமே 359 எழுத்துதான் இருந்தது.

எங்கள் தோட்டத்து ஆசாமி என்று பையன் சந்தேகப்பட்டவன், எலுமிச்சை இனத்து எக்ஸோகார்ட்டிஸ் வைராய்டு. சுமார் 371 எழுத்து. ஒரு போஸ்ட் கார்டில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிடலாம். சாத்துக்குடி மரத்தின் ஜாதகமோ சுமார் 37 கோடி எழுத்து. தன்னைப்போல் பத்து லட்சம் மடங்கு பெரிய ஜாதகக்காரனைக் குப்புறத் தள்ளுகிறது இந்தச் சீட்டு.

எப்படி? இங்கேதான் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களுக்குச் சுலபமாகப் புரியும். இந்தச் சீட்டில் எந்தப் புரோட்டீனுக்கும் உத்தரவு எழுதியிருக்கவில்லை. வேலை தெரியாது, சம்பளம் கிடையாது, நாற்காலி மேஜை இல்லை. ஆனால் செல்லின் ஹெட் ஆபீஸான நியூக்ளியஸுக்குள் நேராக நுழைந்து, அங்கே மரத்தின் சொந்த வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கும் காப்பி மெஷினில் தன் சீட்டை வைத்துவிடுகிறது. சீட்டு வேறு ரப்பர் பேண்ட் மாதிரி வட்டம். தலையும் இல்லை, வாலும் இல்லை. மெஷின் சுற்றிச் சுற்றிக் காப்பி எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆபீஸ் பேப்பர், ஆபீஸ் கரண்ட். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். பெயர் சொல்லவேண்டாம்.

இந்த ஆசாமி எல்லா மரத்திலும் வம்பு செய்வதில்லை. அதுதான் விசேஷம். சாத்துக்குடிக் கிளைக்குள் வருஷக்கணக்காகக் குடியிருப்பான், மூச்சுக் காட்டமாட்டான். வேர்ச்செடி ஜம்பேரி எலுமிச்சையாக இருந்தாலும் சமர்த்துப் பிள்ளை. ரங்கபூர் எலுமிச்சை, மூவிலை ஆரஞ்சு மாதிரி சில வேர்ச்செடிகளைக் கண்டால்தான் வேலையைக் காட்டுவான். பட்டை உரியும், மரம் குட்டையாகும். கலிஃபோர்னியாவில் 1948-லேயே ஃபாசெட், கிளாட்ஸ் என்ற இருவர் மூவிலை ஆரஞ்சு வேரில் இந்தக் கூத்தைப் பார்த்து எழுதிவைத்தார்கள். காரணம் வைராய்டு என்று தெரிய 1972 வரை ஆயிற்று.

கிணற்று மேட்டு மரத்துக்கு வேர் ஜம்பேரி. அதனால் 34 வருஷம் ராஜா மாதிரி நின்றது. அதன் குச்சி ரங்கபூர் வேரில் ஏறியதும் சாயம் வெளுத்தது.

"அப்படின்னா தாய் மரத்துல ஆதியில எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"கத்தி அத்தான். கவாத்துக் கத்தரி, ஒட்டுக் கத்தி, அரிவாள். நோய் மரத்தை வெட்டின சாறு கத்தியில ஒட்டியிருக்கும். காஞ்சாலும் சாகாது. அடுத்த மரத்தை வெட்டினா உள்ள போயிடும்."

"தீயில காட்டினா?"

"அதையும் தாங்கும்."

எனக்கு இதுதான் மனசைப் பிசைந்தது. பூச்சி கொண்டுவந்தால் பூச்சியைத் திட்டலாம். காற்று கொண்டுவந்தால் விதியைத் திட்டலாம். இது மரத்தை அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறவன் கையாலேயே பரவுகிறது. எவன் ஒழுங்காகக் கவாத்து செய்கிறானோ, அவன் தோட்டத்தில்தான் அதிகம்.

* * *

சரி, சந்தேகம் வந்துவிட்டது. நிரூபிப்பது எப்படி?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பட்டை உரிவதற்குப் பூஞ்சைக் காளான் முதல் பத்துக் காரணம் உண்டு. நல்ல மரத்தில் உரிவதே இல்லை. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. தாவர வைரஸ்களைக் கண்டுபிடிக்க 'எலைசா' என்று ஒரு சுலபமான பரிசோதனை இருக்கிறது. அது வைரஸின் புரோட்டீன் உறையைப் பிடிக்கிற வித்தை. திருடன் சட்டைக் காலரைப் பிடிக்கிற மாதிரி. இவனோ சட்டையே போடாதவன். எதைப் பிடிக்க?

பழைய முறை ஒன்று உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். எட்ராக் சிட்ரான் என்று ஒரு செடி, நம் நார்த்தங்காய் வகையறாவுக்குச் சொந்தம். யூதர்கள் அறுவடைப் பண்டிகையில் கையில் ஏந்துகிற பழம் அதுதான். இந்தச் செடிக்கு வைராய்டு என்றால் ஆகவே ஆகாது. சந்தேகப்பட்ட மரத்தின் ஒரு துண்டுப் பட்டையை இதில் ஒட்டி, 28-லிருந்து 32 டிகிரி வெதுவெதுப்பில் வைத்துக் காத்திருக்க வேண்டும். வைராய்டு இருந்தால் இலைகள் கீழ்நோக்கிச் சுருளும், நடுநரம்பு பழுப்பாகும். கடுமையான ரகம் சில வாரத்தில் காட்டிக்கொடுக்கும், சாதுவான ரகத்துக்குப் பல மாதம். எல்லா வீட்டிலும் ஒரு அத்தை இருப்பார் பாருங்கள், யார் எதை மறைத்தாலும் முதலில் முகம் சுளிக்கிறவர். தோட்டத்துக்கு அந்த அத்தை இந்தச் செடி.

புது முறைதான் ஆர்.டி.பி.சி.ஆர். அதேதான் சார், கொரோனா சமயத்தில் மூக்கில் குச்சி விட்டார்களே, அதே. திருடனின் எழுத்தில் ஒரு துண்டு நமக்குத் தெரியுமல்லவா? அந்தத் துண்டு சாம்பிளில் இருந்தால் மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டும். இல்லாவிட்டால் ஒன்றும் வராது. மூக்குக்குப் பதில் இலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பையன் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் சொல்லிவைத்து, வைகாசி வெயிலில் மறுபடி வந்தான். வெயிலில்தான் வைராய்டு மரத்துக்குள் நன்றாகப் பெருகுமாம், அப்போது எடுத்தால் தப்பாதாம். கையுறை மாட்டிக்கொண்டான். மரத்துக்கு நாலு திசையிலும் இலை எடுத்தான். ஒரு கிளையில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போகலாம், ஒரே பக்கம் எடுத்தால் ஏமாந்துவிடுவோம் என்றான். ஒவ்வொரு மரத்துக்கும் நடுவில் கத்தரியை பிளீச் தண்ணீரில் முக்கினான். ஐஸ் பெட்டிக்குள் கவர்கள் போயின.

தோட்டத்தில் பட்டை உரிந்தது நாலு மரம். வெளியில் வாங்கிய நாலில் ஒன்று.

"அவ்ளோதானே?" என்றார் மாமனார்.

"கிணத்து மேட்டு மரமும் எடுக்கணும் பெரியப்பா."

"அது எதுக்கு? அதுக்கு என்ன கேடு?"

நான் ஆறு வருஷ ஆடிட் அனுபவத்தைத் திரட்டிக்கொண்டு சொன்னேன். "மாமா, எங்க ஆபீஸ்ல டேலி ஆகாத கணக்கை யாரும் பயந்து பார்க்க மாட்டோம், தப்பு எங்கேயோ கண்ணுக்குத் தெரியற மாதிரிதான் இருக்கும். எல்லாம் பைசா சுத்தமா டேலி ஆகுதே, அதைத்தான் ரெண்டு தடவை பார்ப்போம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், 'கல்யாணத்துக்கு முன்னால் இவனை ரெண்டு தடவை பார்த்திருக்கலாம்' என்று எழுதியிருந்தது. ஆனாலும் தலையாட்டினார்.

* * *

ரிசல்ட் பையனின் போனிலிருந்து எனக்குத்தான் வந்தது. பெரியப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லையாம். படித்த பிள்ளை, சாமர்த்தியம் உண்டு.

உரிந்த நாலும் பாசிட்டிவ். வெளியில் வாங்கியது நெகட்டிவ். கிணற்று மேட்டு மரம் பாசிட்டிவ்.

ஊருக்கு பஸ் ஏறினேன். மனைவியும் கூட வந்தாள். வழியெல்லாம் பேசவில்லை. கொடைரோடு தாண்டும்போது மட்டும், "வெட்டச் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள். முப்பத்தி நாலு வயசுப் பெண் அல்ல, ஐந்து வயசுக் குழந்தை கேட்ட மாதிரி இருந்தது.

திண்ணையில் வைத்துச் சொன்னேன். மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டார், பிறகு மறுபடி தோளில் போட்டார். "மருந்து?" என்றார்.

"இல்லை மாமா. வந்த மரத்துக்கு மருந்தே கிடையாது."

"மரத்தை வெட்டணுமா?"

"பையன்கிட்ட கேட்டேன். வேண்டாமாம். காத்துல பரவாது. பழத்தைத் தின்னா மனுஷனுக்கு ஒண்ணும் இல்லை. அந்த மரம் பழம் கொடுக்கலாம். குச்சி கொடுக்கக் கூடாது. அதை வெட்டின கத்தி கழுவாம இன்னொரு மரத்துக்குப் போகக் கூடாது."

என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

நான் அடுத்த விஷயத்துக்கு வரத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே வந்தார். அலமாரியைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். யார் யாருக்கு எத்தனை கன்று, என்ன தேதி, எல்லாம் பென்சிலில் இருந்தது. ஏழு வீடு. நூற்றி இருபது கன்று. எத்தனையோ கம்பெனி லெட்ஜர் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்கான ஒன்றைப் பார்த்ததில்லை. காசே வாங்காத வியாபாரத்துக்கு!

"இவங்ககிட்டச் சொல்லணுமில்ல?" என்றார்.

இங்கே நான் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குள் இருந்த பி.காம். உடனே கணக்குப் போட்டது. ஏழு வீட்டுக்காரர்களும் உரத்தையும் தண்ணீரையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் தெரியாது. இந்தப் பரிசோதனை நடந்ததே மூன்று பேருக்குத்தான் தெரியும். சும்மா இருந்துவிட்டால் என்ன? ஊரில் அவருக்கு இருக்கிற ஒரே சொத்து பெயர்தானே? "யோசிச்சுச் செய்யலாம் மாமா" என்று இழுத்தேன்.

"யோசிக்கிறதுக்குள்ள அவன் கவாத்து பண்ணிருவான் மாப்ள" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

* * *

ஏழு வீட்டுக்கும் நானும் கூடப் போனேன். சும்மா நின்றேன், அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டிலும் அவர் ஒரே மாதிரி சொன்னார்: "நான் கொடுத்த கன்னுலதாம்ப்பா நோவு. உன் மேலயோ மண்ணு மேலயோ தப்பில்லை."

ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், "விடுங்கண்ணே, காசா வாங்குனீங்க" என்றார்கள். ஒருவர் சிரித்தார், "நான் அப்பவே பிடுங்கிட்டு முருங்கை வச்சுட்டேன்" என்று. ஒரு பாட்டி, இந்த வியாதி மாட்டுக்கு வருமா என்று கேட்டாள். வராது என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக விஞ்ஞான ஆலோசனை வழங்கினேன்.

ஏழாவது வீடு அவருடைய நாற்பது வருஷத்து சிநேகிதர் வீடு. டீக்கடை பெஞ்சில் இவருக்குப் பக்கத்து இடம் அவருக்கு என்று ஊரே விட்டுவைத்திருக்கும். அவர்தான் அதிகமாக, முப்பது கன்று வாங்கியவர். அதோடு, இதே ஒட்டுக்காரரை இதே கத்தியோடு கூட்டிப்போய்த் தன் பழைய எலுமிச்சைத் தோட்டத்திலும் வேலை வாங்கியவர். எல்லாவற்றையும் கேட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளிலிருந்து டீக்கடை பெஞ்சில் அந்த இடம் காலி.

திரும்பி நடக்கும்போது மாமனார் சொன்னார்: "கோவம் நியாயம்தான். நான் நல்ல மரத்தைப் பார்த்தேன். நல்லாருக்கான்னு பார்க்கலை."

* * *

சனி, ஞாயிறில் ஊர்ப்பக்கம் அரை ஏக்கர் வாங்கிப் பழமரம் வைக்கலாம் என்று கனவு காண்கிற ஆபீஸ் நண்பர்கள் நம்மில் நிறையப் பேர். ஒட்டுக் கன்று வாங்கப் போகும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். குச்சி எந்தத் தாய் மரத்திலிருந்து வந்தது, அதை எப்போது பரிசோதித்தார்கள், என்ன வேர்ச்செடி என்று மூன்று கேள்வி கேளுங்கள். 'மரம் நல்லா காய்க்குது சார்' என்பது பதில் இல்லை.

மருந்து இல்லையே தவிர, வழி இல்லாமல் இல்லை. நோயுள்ள மரத்தின் கொழுந்து நுனியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவு மட்டும் சீவி எடுத்து, கண்ணாடிக் குழாய்க்குள் வளர்ந்த நாற்றில் ஒட்டுகிறார்கள். அந்த நுனிக்குள் வைராய்டு பெரும்பாலும் எட்டிப் பார்த்திருக்காது. 1970-களில் கலிஃபோர்னியாவில் வந்த வித்தை. இப்போது நாக்பூரில் உள்ள மத்திய எலுமிச்சை இன ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்த முறையில் நோயில்லாத கன்றுகளை உருவாக்குகிறார்கள். அதையும் பரிசோதித்துத்தான் தாய் மரமாக வைத்துக்கொள்வார்கள்.

கத்திக்கு வைத்தியம் அதைவிடச் சுலபம். துணி வெளுக்கிற திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. மரத்துக்கு மரம் முக்கி எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்.

இதெல்லாம் ஒரு குட்டை மரத்துக்கா இவ்வளவு அமர்க்களம் என்று தோன்றினால், பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 'கடாங் கடாங்' என்று ஒரு தென்னை வியாதி. அதன் வைராய்டு நம்முடையதைவிடச் சின்னது, 246 எழுத்து. முதலில் காய் உருண்டையாகும், பிறகு காய்ப்பு நிற்கும், பல வருஷம் கழித்து மரம் சாகும். இப்படி 3 கோடி மரங்களுக்கு மேல் போயின. வேடிக்கை என்னவென்றால், ஆஸ்திரேலியாவில் எலுமிச்சை இனத்துக்கு வரும் ஒரு சாதுவான வைராய்டை வேண்டுமென்றே ஏற்றி, மரத்தைக் குட்டையாக்கி, நெருக்கி நட்டுப் பார்த்திருக்கிறார்கள். திருடனுக்கே வாட்ச்மேன் உத்தியோகம்! ஆனால் யார் என்று தெரிந்து வேலைக்கு வைப்பது வேறு, தெரியாமல் வீட்டுக்குள் விடுவது வேறு.

* * *

மாமனார் தோட்டத்தில் பாதியைப் பிடுங்கிவிட்டு, வரவழைத்த நல்ல கன்றுகளை நட்டாயிற்று. மீதிப் பாதி, காய்ப்பு செலவைக் கட்டுகிறவரை நிற்கட்டும் என்று நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். படித்த படிப்பு வீணாகக் கூடாதல்லவா?

கிணற்று மேட்டு மரம் நிற்கிறது. இடுப்பில் சிவப்புப் பெயிண்டில் ஒரு வளையம். அதற்கென்று தனி அரிவாள், வேறு எதையும் தொடாது. போன பொங்கலுக்குப் போனபோது, எப்போதும்போல் ஒரு பை பழம் கொடுத்தார். சமையலறையில் கத்தியை எடுத்தேன். "பிளீச்சில முக்கிட்டீங்களா?" என்றாள் என் மனைவி. பழத்தை வெட்டவே அனுமதி வாங்கவேண்டியிருக்கிறது சார் அந்த வீட்டில்.

சாயங்காலம் மாமனாரும் நானும் நடக்கப் போனோம். பேசாத சிநேகிதரின் எலுமிச்சைத் தோட்டத்தை ஒட்டித்தான் பாதை. உள்ளே ஆள் இல்லை. பம்பு செட் பக்கத்தில் ஒரு பழைய பச்சை வாளி. அதற்குள் கவாத்துக் கத்தரி ஊறிக்கொண்டிருந்தது. காற்றில் பிளீச் வாசம்.

மாமனார் வேலி ஓரம் கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னும் பேசலையா மாமா?" என்றேன்.

"பேசாட்டா என்ன மாப்ள" என்றார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே. "முக்கி வச்சிருக்கான்ல."